பெருந்தமனி வீக்கம்: இரண்டு ஸ்கேன்களில் இரண்டு அளவுகள் – விளக்கம் வேண்டுகிறேன்

குழுவில் உள்ள கதிரியக்க, இரத்தநாள மருத்துவர்களுக்கு வணக்கம்.

74 வயதாகும் என் தந்தையாருக்கு வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் இருப்பதால், வயிற்றைத் திறக்காமல் தொடையிடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனியின் உள்ளே வைக்கும், துணி போர்த்திய உலோக வலைக்குழாய்) பொருத்தலாம் என்று கூறியுள்ளனர். அல்ட்ராசவுண்டில் 5.2 செ.மீ. என்றிருந்த விட்டம், அடுத்த வாரமே எடுத்த சிடி ஆஞ்சியோகிராமில் 5.7 செ.மீ. எனப் பதிவாகியிருக்கிறது. ஆண்களுக்குச் சிகிச்சையைப் பரிசீலிக்கும் எல்லை பொதுவாக 5.5 செ.மீ. என்பதால், இந்த அரை சென்டிமீட்டர் எங்களுக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. வளைந்து செல்லும் குழாயைச் சாய்வாக வெட்டினால் வட்டம் நீள்வட்டமாகி, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் (மூங்கிலைச் சாய்வாக வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்). ஆகவே, தமனியின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக மீண்டும் அளக்குமாறு கேட்பது முறைதானா?

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வீங்காத பகுதி 12 மி.மீ. மட்டுமே என அறிக்கை கூறுகிறது. கிராஃப்ட் பற்றிக்கொள்ளும் இடம் அதுவே என்பதால், இந்த அளவு எவ்வளவு துல்லியமானது என்றறிய, படங்கள் 1 மி.மீ. தடிமனில் எடுக்கப்பட்டனவா, 5 மி.மீ. தடிமனிலா என்பதைக் குறுந்தகட்டில் எங்கே பார்ப்பது?

சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 1.9 மி.கி./டெ.லி. என உயர்ந்திருப்பதால், பொருத்திய பிறகு கிராஃப்டைச் சுற்றி வீக்கத்துக்குள் இரத்தம் கசிகிறதா எனக் கண்காணிக்க ஆண்டுதோறும் சிடி ஸ்கேனுக்கான அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தாமல், இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டைக் கொண்டே சமாளித்தவர்கள் இருந்தால் அனுபவத்தைக் கூறுங்கள். அறுவை மருத்துவரைச் சந்திக்க ஒன்பது நாட்கள் உள்ளன. தேவையெனில் பெயர் நீக்கிய படங்களைப் பகிர்கிறேன்.