சிக்னலில் நின்றால் ஹீட், பைபாஸில் நார்மல்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

சேலத்துக்காரன்:
2008 மாடல் பெட்ரோல் வண்டி. பைபாஸில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதே இல்லை. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் டிராஃபிக்கில் மாட்டினால் மளமளவென்று ஏறுகிறது. கூலன்ட் குறையவில்லை, எங்கும் ஒழுகலும் இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அது மூடியபடி சிக்கியிருந்தால் பைபாஸிலும் கொதித்திருக்கும். அதைக் கழற்றினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். இந்த வைத்தியம் எப்படித்தான் ஊர் ஊராகப் பரவியதோ!

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் ஃபேன் சுவிட்சைச் சந்தேகப்படலாம். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடும் மின் சுவிட்ச்), அப்புறம் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

சேலத்துக்காரன்:
ஏசி போட்டும் சுற்றவில்லை அண்ணா. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலேயில் 'டிக்' சத்தம் கேட்கிறது.

பழைய ஸ்பேனர்:
மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டாரின் முதுகில் ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால், மோட்டாருக்குள் கரன்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இறக்கை பக்கம் கையை வைக்காதீர்கள், சொல்லாமல் கிளம்பும்.

ரேடியேட்டர் ராஜா:
கூடவே ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. உள்ளே அழுத்தம் நிற்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். உப்புப் படிந்து உள்குழாய்கள் அடைத்துவிடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும். ஃபேன் சரியாகும் வரை முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வெந்துபோவோம், ஆனால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) தப்பிக்கும்.

சேலத்துக்காரன்:
தட்டியதும் சுற்றியது! எலக்ட்ரீஷியன் புது பிரஷ் போட்டுக் கொடுத்தார். இப்போது சிக்னலிலும் முள் பாதியில்தான். ஒரு சந்தேகம்: சாவியை எடுத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுகிறதே, பேட்டரி இறங்காதா?

பழைய ஸ்பேனர்:
சில மாடல்களில் அப்படித்தான், கூலன்ட் ஆறியதும் தானே நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை மாற்றிப் பாருங்கள்.