அப்பாவுக்கு கோர்னியா மாத்தப் போகினம், கண் குடுத்தவருக்கு நோய் இருந்திருந்தா?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 67 வயசு. கட்டராக்ட் ஒப்பரேஷன் செஞ்ச கண்ணில கோர்னியா, அதான் கண்ணுக்கு முன்னால இருக்கிற கண்ணாடி மாதிரிப் படலம், வீங்கி மங்கிப் போச்சு, அடுத்த மாசம் மாத்துவம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மனுசன் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்ல. ஆரோ செத்தவரின்ட கண்தானே, அவருக்கு எயிட்ஸோ மஞ்சள்காமாலையோ இருந்திருந்தா எனக்கும் வரும்தானே எண்டு கேட்டபடி. கிளினிக்கில சனம், ஆறுதலாக் கேக்க முடியேல்ல. என்னென்ன பாத்திட்டுத் தாறவை? எனக்கும் பயமாத்தான் இருக்கு.

லாப் அண்ணா:
தங்கச்சி, நான் முந்தி கண் வங்கி ஒண்டில லாப் பக்கம் வேலை செஞ்சனான். கண் எடுக்கேக்கையே ப்ளட் சாம்பிளும் எடுக்கிறது. எச்ஐவி, ஈரலைத் தாக்கி மஞ்சள்காமாலை வரப்பண்ணுற ஹெப்படைட்டிஸ் பி, சி, பாலியல் நோயான சிபிலிஸ் எல்லாம் பாத்து ரிசல்ட் வரும்வரைக்கும் கோர்னியா பழுதாகாம வைக்கிற திரவத்துக்குள்ள, 2 - 8 டிகிரி ஃப்ரிஜ்ஜில இருக்கும். ஒண்டு பொசிட்டிவ் எண்டாலும் ஆருக்கும் வைக்கிறேல்ல. சாகிறதுக்கு முன்னம் நிறைய சேலைனோ ரத்தமோ ஏத்தியிருந்தா அதையும் கணக்குப் பாக்க வேணும், ரத்தம் ஐதாகிப் போனா இருக்கிற நோயும் டெஸ்டில காட்டாம விடலாம்.

ஆனா ப்ளட் டெஸ்டில பிடிபடாததும் இருக்கு. விசர்நாய்க்கடி நோய் கோர்னியாவால தொத்தின கேஸ் 1970களில வெளிநாட்டில நடந்தது, மூளையைத் தாக்கிற சிஜேடி நோயும் அப்பிடித் தொத்தினது 1974ல பதிவாச்சு. அதாலதான் என்ன வருத்தத்தில செத்தவர், கடைசி நாளில தடுமாறினவரா, நாய் கடிச்சதா எண்டு வீட்டாரிட்டத் துருவித் துருவிக் கேக்கிறது. சாவுக்குக் காரணம் தெரியேல்ல எண்டா அந்தக் கண் வேண்டாம்.

அப்பாட்ட இதையும் சொல்லுங்கோ, கோர்னியாவில ரத்தக் குழாயே இல்ல. எச்ஐவி இருந்தவையின்ட கோர்னியாவைத் தெரியாம வச்ச இடத்திலகூட, வாங்கினவைக்கு அதால தொத்தினதெண்டு நிரூபணமான கேஸ் இல்ல. ஹட்சன் சில்வா டொக்டர் 1961ல தொடங்கின இலங்கைக் கண்தான சங்கம் 1964ல இருந்து வெளிநாட்டுக்கும் கண் அனுப்புது, இப்ப சோதிக்காத கண்ணை எந்த நாடு வாங்கும்?

கொட்டாஞ்சேனை:
நான் மற்றப் பக்கம் நிண்டவன். அம்மா மோசம்போன அண்டைக்கு, பிரேதம் வீட்டில கிடக்க, வந்தவர் நாய் கடிச்சதா, ரத்தம் ஏத்தினதா, காமாலை வந்ததா எண்டு கேட்டுக்கொண்டே இருக்க, பெரியம்மாக்குக் கோவம் வந்து, தானம் குடுக்கிற வீட்டில இப்பிடியா கேக்கிறது எண்டு ஏசிப்போட்டா. அம்மாக்கு முந்தி ஈரல் வருத்தம் வந்ததை நான்தான் சொன்னன். பிறகு ஹெப்படைட்டிஸ் பி எண்டு வந்து அந்தக் கண் ஒருத்தருக்கும் வைக்கேல்ல. அழுதனான். ஆனா நான் மறைச்சு, டெஸ்டும் தவறியிருந்தா, உங்கட அப்பா மாதிரி ஒருத்தர் மாட்டியிருப்பாரே.

நிலா:
எனக்கு மாத்தி மூண்டு வருசம். வீட்ட வந்தாப்பிறகு கிருமி பிடிக்கிறதுக்கும், உடம்பு புதுக் கோர்னியாவை ஏற்காம விடுறதுக்கும்தான் கவனமா இருக்க வேணும். கண் சிவந்தா, வெளிச்சம் கூசினா, பார்வை மங்கினா, நொந்தா, அண்டைக்கே ஓடுங்கோ, விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. ட்ரொப்ஸை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம்.

வெள்ளவத்தை மகள்:
எல்லாத்தையும் அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன். கொட்டாஞ்சேனை அண்ணா எழுதினதை ரெண்டாந்தரம் வாசி எண்டார். கேட்டிட்டுக் கனநேரம் பேசாம இருந்து, பிறகு தனக்குச் சோறு போடச் சொன்னார்.