கதை கைக்கு வந்த நாள்: பௌத்தக் கதைகளோடு உங்கள் அனுபவம் என்ன?

புத்தர் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கேட்கிறோம், தலையாட்டுகிறோம், அதோடு மறந்தும் விடுகிறோம். என்றாவது ஒரு நாள் அதில் ஒரு கதை காதிலிருந்து இறங்கிக் கைக்கு வந்துவிடும். அப்படி வந்த நாளைப் பற்றித்தான் கேட்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

தியானம் பழகத் தொடங்கிய முதல் வருடம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூச்சைக் கவனி என்பார்கள். நாலாவது மூச்சிலேயே மனம் வேறெங்கோ போயிருக்கும். பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்கும் போய் வந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். சுற்றி உட்கார்ந்தவர்கள் அசையாமல் இருப்பார்கள். எனக்கு முழங்கால் வலியும் மன ஓட்டமும் ஒன்றோடொன்று போட்டி போடும். வீட்டுக்கு வந்ததும் பயிற்சியையே விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு விகாரையில், வயதான பிக்கு ஒருவரிடம் "பந்தே, இது எனக்கு வராது போலிருக்கிறது" என்றேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சூளபந்தகர் கதையைச் சொன்னார்.

அண்ணன் தம்பி இருவரும் பிக்குகள். அண்ணன் மகாபந்தகர் நன்றாகக் கற்றவர். தம்பிக்கோ நாலு மாதம் ஆகியும் ஒரே ஒரு பாட்டு மனப்பாடம் ஆகவில்லை. அடுத்த வரியைப் படித்தால் முந்தைய வரி மறந்துவிடும். உனக்கு இது சரிப்படாது, வீட்டுக்குப் போ என்று அண்ணனே அனுப்பிவிடுகிறார். வாசலில் கலங்கி நிற்பவரைப் புத்தர் பார்க்கிறார். தலையைத் தடவிக் கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருகிறார். ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அதைத் தேய்த்துக்கொண்டே "ரஜோஹரணம், ரஜோஹரணம்" என்று சொல்லிக்கொண்டிருக்கச் சொல்கிறார். அழுக்கை நீக்குதல் என்று அர்த்தம். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுக்கிறது. இவ்வளவு வெள்ளையாக இருந்தது என் கை பட்டே இப்படி ஆயிற்றே என்று சூளபந்தகர் பார்க்கிறார். எந்தப் பாட்டும் புரிய வைக்காத நிலையாமை அந்தத் துணியில் புரிந்துவிடுகிறது.

கதையை முடித்துவிட்டு பிக்கு ஒரு துணியை என் கையில் கொடுத்தார். விளக்கு மேடையைக் காட்டி, "அரை மணி நேரம் துடையுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார். எண்ணெயும் கரியும் படிந்த கல். துடைத்து முடித்துத் துணியைத் திருப்பினேன். என் விரல்கள் அழுத்திய நாலு இடத்திலும் நாலு கறுப்பு வட்டம். நடுவில் துணி வெள்ளையாகவே இருந்தது. அதையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அந்த அரை மணி நேரத்தில் மனம் எங்கும் போகவில்லை என்பதே அப்புறம்தான் உறைத்தது.

புத்தர் அந்தத் தம்பியிடம் மறுபடியும் முயற்சி செய் என்று சொல்லவில்லை. அவரால் முடிகிற ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது தினமும் உட்காருவதற்கு முன்னால் உட்காரும் இடத்தைத் துடைக்கிறேன். அதுவும் பயிற்சிதான்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

* * *

எனக்குக் கைக்கு வந்தது கதை என்பதைவிட ஒரு முத்திரை. வலது கை முழங்காலைத் தாண்டிக் கீழே நீண்டு, விரல்நுனி தரையைத் தொடும். பூமி ஸ்பரிச முத்திரை. பல வருடமாகப் பார்த்த புத்தர் சிலைதான், அர்த்தம் தெரியாது. ஞானம் பெறவிடாமல் தடுக்க மாரன் என்ற தீய சக்தி தன் படையோடு வந்து, இந்த ஆசனத்தில் உட்கார உனக்கு என்ன தகுதி, யார் சாட்சி என்று கேட்டபோது, சித்தார்த்தர் பதில் பேசாமல் நிலத்தைத் தொட்டார் என்று ஒரு தோழி சொன்னாள்.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவு, வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சைக் கவனிக்கப் போனால் பயம் இன்னும் கூடியது. அப்போது அந்தக் கை ஞாபகம் வந்தது. வலது கை விரல்களைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. ஐந்து விரலிலும் அந்தக் குளிர்ச்சியை மட்டும் கவனித்தேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது பக்கத்திலேயே இருந்தது. ஆனால் எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது நின்றுவிட்டது. மாரன் போன பிறகு அவர் பூமியைத் தொடவில்லை, எதிரே நிற்கும்போதே தொட்டார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

* * *

சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயில்களைப் பார்க்கப் போனபோது, மரத்தடியில் ஒரு வெற்று ஆசனமும் அதைச் சுற்றிக் கைகூப்பி நிற்கிறவர்களும் செதுக்கியிருந்ததைக் கண்டேன். புத்தர் எங்கே என்று தேடினேன். அந்தத் தோரணங்களில் அவரை உருவமாகச் செதுக்கவில்லை. ஆசனம், பாதச்சுவடு, சக்கரம், போதி மரம் போன்ற அடையாளங்கள்தான். அந்த வெற்று இடத்தின் முன்னால் நின்றபோது கிடைத்த அமைதி வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. இப்போது தியானத்தில் உட்காரும்போது எதிரே எதையும் வைப்பதில்லை.

* * *

நான் சொல்லப்போவது ஒரு கதையைத் தப்பாகப் பயன்படுத்திய அனுபவம். இதையும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

ராஜகிருகத்து மூங்கில்வனத்தில் பாரத்துவாசர் என்ற பிராமணர் வந்து புத்தரைக் கண்டபடி ஏசுகிறார். தன் குலத்தவர் ஒருவர் துறவியாகிவிட்ட கோபம். புத்தர் கேட்கிறார்: உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதுண்டா? உண்டு. உணவு கொடுப்பீர்களா? கொடுப்பேன். அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது யாருக்கு? எனக்குத்தான். அப்படியானால் இந்த வசவையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை, அது உங்களுக்கே.

அம்மாவை யார் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு வந்தபோது அவர் கத்தினார். நான் மிக அமைதியாக, "நீ கொடுப்பதை நான் வாங்கிக்கொள்ளவில்லை, நீயே வைத்துக்கொள் அண்ணா" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எட்டு மாதம் அவர் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் அந்தக் கதையின் முடிவை வாசித்தேன். பாரத்துவாசர் எழுந்து போகவில்லை. அங்கேயே இருந்து புத்தரிடம் துறவு பெற்று, பின்னால் அரகந்தரும், அதாவது முழு விடுதலை பெற்றவரும் ஆகிறார். திட்ட வந்தவர் தங்கிவிடுகிற மாதிரிப் பேசியிருக்கிறார் புத்தர். கேள்வி கேட்டு, அவர் வாயாலேயே பதிலை வரவழைத்து, பேச்சை அறுந்துபோக விடாமல். நானோ அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து அண்ணன் மேல் எறிந்திருந்தேன். அன்று மாலையே அவருக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டாயா" என்றார். வேறு எதையும் அன்றைக்குப் பேசவில்லை.

* * *

என் மகன் போய் மூன்று வருடம் ஆகிறது. இறந்த குழந்தைக்கு மருந்து கேட்டு வந்த கிசா கௌதமியிடம், சாவு நடக்காத வீட்டில் கடுகு வாங்கி வா என்று புத்தர் சொன்ன கதையைப் பலர் எனக்குச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் சாவு நடக்காத வீடே இல்லை என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இல்லை.

எனக்குத் துணையாக வந்தவர் படாசாரா. கணவன், இரண்டு குழந்தைகள், தாய், தந்தை, தம்பி எல்லாரையும் அடுத்தடுத்து இழந்து, சித்தம் கலங்கித் தெருவில் அலைந்தவர். பிக்குணியான பிறகு ஒரு நாள் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுகிறார். முதலில் ஊற்றியது கொஞ்ச தூரம் ஓடி மண்ணில் வற்றுகிறது. இரண்டாவது இன்னும் கொஞ்சம் தூரம். மூன்றாவது அதைவிடத் தூரம். சிலர் சிறு வயதில், சிலர் நடு வயதில், சிலர் முதுமையில். கதையில் தண்ணீரை அவரே பார்க்கிறார், அவருக்கே அது புரிகிறது.

நானும் காலையில் முற்றத்தில் கால் கழுவும்போது மூன்று முறை ஊற்றுகிறேன். முதல் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு சாண் தூரம்கூடப் போகாது. அந்த ஈரம் காயும்வரை அங்கேயே நிற்கிறேன். அப்புறம்தான் இரண்டாவது குவளை.