கார்பைடு கல்லும் ஒரு குட்டிப் பீரங்கியும்

பென்சில்வேனியாவுக்கு வந்த இரண்டாவது கோடையில், பழைய பொருட்கள் விற்கும் சந்தை ஒன்றில் சிவப்புச் சக்கரம் வைத்த இரும்புப் பீரங்கியைப் பார்த்தேன். ஒரு முழம்கூட இருக்காது. கையில் எடுத்ததும் அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. எனக்கு உடனே ஊர் மாம்பழ மண்டி நினைவுக்கு வந்துவிட்டது. காய்களைப் பழுக்க வைக்கப் போடும் கார்பைடு கல்! விற்றவரிடம் கேட்டேன். ஆமாம், அப்பா ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் இதை வெடிப்பார் என்றார். பேரம் பேசவே தோன்றவில்லை.

‘பிக் பேங்’ என்று பெயர். 1910களிலிருந்து இதே பென்சில்வேனியாவில் செய்யப்பட்டவை. அந்தக் காலத்தில் சுதந்திர தின வெடிகளால் குழந்தைகள் கை, கண்களை இழந்ததால், ஆபத்தில்லாமல் கொண்டாட வேண்டும் என்று அமெரிக்காவில் ஓர் இயக்கமே நடந்தது. கருமருந்து இல்லாத இந்தப் பீரங்கி அந்தச் சூழலில் வந்த பொருள். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான்.

குழலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பின்பக்கம் இருக்கும் அமைப்பை இயக்கினால், அளந்த துளி கார்பைடு பொடி தண்ணீரில் விழும். இரண்டும் சேர்ந்ததும் அசிட்டிலீன் வாயு கிளம்பும், சுண்ணாம்பு அடியில் தங்கும். வாயு காற்றோடு கலக்க ஓரிரு நொடி விட்டு, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினால் ‘டம்!’ இருட்டில் வாயிலிருந்து மஞ்சள் தீ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பொடியைக் கண்மதிப்பில் அள்ளிப் போடாமல் பீரங்கியே அளந்து போடுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஏழெட்டு முறை வெடித்ததும் தண்ணீர் சுண்ணாம்புக் கரைசலாகிவிடும், கொட்டிக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் துரு ஏறிவிடும்.

முதல் ஜூலை 4 அன்று யாரிடமும் சொல்லாமல் வெடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர், போர்முனை பார்த்தவர். வேலி ஓரம் வந்து நின்றார். கோபப்படவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. “அடுத்த முறை முன்னாடியே சொல்லுங்கள், அது போதும்” என்றார். அன்றிலிருந்து அவரிடம் நேரம் சொல்லாமல் ஒரு தடவைகூட வெடித்ததில்லை. இப்போது அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்.

ஒரே ஒரு முறைதான் எனக்குக் குலை நடுங்கியது. இரண்டு தடவை தட்டியும் வெடிக்கவில்லை. அக்கா மகன் என்னவென்று பார்க்க வாய்ப்பக்கம் குனிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். வெடிக்காத பீரங்கியிலும் வாயு உள்ளேதான் இருக்கும். இப்போதெல்லாம் வெடிக்காவிட்டால் எல்லோரையும் பின்னால் நிறுத்திவிட்டு, பக்கவாட்டிலிருந்தே இன்னொரு தரம் தட்டுவேன். அப்படியும் இல்லையென்றால் அடிமூடியைக் கழற்றிக் காற்றாட வைத்துவிடுவேன்.

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. செய்தியைப் படித்தபோது அக்கா மகன் குனிந்த அந்த நொடிதான் கண்முன் வந்தது. அங்கேயும் பல பிள்ளைகள், ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்கள். தீ மட்டுமில்லை, சுண்ணாம்பும் கண்ணில் தெறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? குழாயில் அளவும் இல்லை, வெடித்துச் சிதறினால் தாங்கும் இரும்பும் இல்லை.

அன்று இரவே தம்பிக்குப் போன் போட்டேன். காட்டுப்பன்றி விரட்ட அவன் தோட்டத்திலும் அதே மாதிரிக் குழாய் ஒன்று இருக்கிறது. “அண்ணே, நீ பீரங்கி வச்சிருக்க, எனக்கு மட்டும் வேணாங்குற” என்றான். அரைமணி நேரம் பேசினேன். அவன் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஆனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டதாகப் போன வாரம் படம் அனுப்பினான். பன்றிக்கு வேறு என்ன வழி என்று சேர்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.