கடல்நீரேரியை நிரவும் விவகாரம்: ஊர் இரண்டுபட்டு நிற்கிறது

கேள்வி – கரையூரான்
எங்கள் ஊர்க் கடற்றொழில் சங்கத்துக்கு நான் செயலாளர். இறங்குதுறைக்குப் பக்கத்தில் பத்துப் பரப்பு (அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட) கடல்நீரேரியை மண் போட்டு நிரவ வேண்டும் என்கிறார்கள். விளையாட்டுக் கழகத்துக்கு மைதானம் வேண்டும், இயந்திரப் படகுக்காரருக்குப் படகு ஏற்ற இடம் வேண்டும். நண்டுக்குக் கூடு வைப்பவர்களும், ஆழமற்ற நீரில் தடி நட்டு வலை கட்டும் சிறகுவலைக்காரரும் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்கிறார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் கதிரை பறந்தது. என் மைத்துனன் மைதானக் கட்சி. இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில் – படிவம்
அனுமதிப் பத்திரம் இருக்கிறதா? சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என்று இலங்கையின் 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சொல்கிறது. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியின்றி யாரும் நிரவ முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த அனுமதிக் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். வரைபடம் இல்லாமல் கூட்டம் வைத்தால் மீண்டும் கதிரைதான்.

பதில் – குருநகர்க் கிழவன்
எங்கள் யாழ்ப்பாணக் குருநகர்ப் பக்கத்தில் கிராம அலுவலர் பிரிவுகளின் பெயரிலேயே றெக்கிளமேசன் இருக்கிறது, அதாவது கடலை நிரவி எடுத்த நிலம். நிரவிய மண்ணில் வளர்ந்தவன் நான். நிரவாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மண்டபத்தில் கூடாதீர்கள். கடல் வற்றும் நேரத்தில் எல்லோரும் கரைக்கு இறங்கி, நிரவப்போகும் எல்லையில் தடி நட்டுக் கயிறு கட்டுங்கள். யாருடைய கூடு உள்ளே வருகிறது, வெள்ளவாய்க்கால் எங்கே அடைபடும் என்று கண்ணால் தெரியும். நான் அறிந்த ஓர் ஊரில் வாய்க்கால் வாயை மூடிவிட்டார்கள். அந்த மாரியில் மைதானம் கேட்டவர்களின் வீட்டுக்குள்ளேயே வெள்ளம். நண்டைப் பற்றித் தெரிந்த பெண்களையும் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை, கரையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

பதில் – நீர்கொழும்பிலிருந்து
மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கொழும்புத் துறைமுக நகருக்கு 269 ஹெக்டேயர் கடலை நிரப்பினார்கள். மணலை அள்ளியது எங்கள் பக்கத்துக் கடலில். தெருவில் இறங்கியதும் எங்கள் மீனவர்கள்தான்.

கரையூரான்
நேற்று விடிய தடி நட்டோம். பதினொரு கூடுகளும் ஒரு சிறகுவலையும் கயிற்றுக்குள் வந்தன. வாய்க்கால் வாயும் வந்தது. கழகப் பொடியன்கள் தாங்களாகவே கயிற்றை இருபது அடி தள்ளிக் கட்டினார்கள். சிறகுவலைக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. மண்ணைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை, தகவல் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது மைத்துனன். பேசவில்லை, ஆனால் இறுக்கிப் பிடித்தான்.