பெரிய கோயில் விமானத்தை லெகோவில் வடிவமைக்க எந்த அளவு பொருந்தும்?

அரசலாறு, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். லெகோவின் ஆர்க்கிடெக்சர் வரிசை மாதிரிகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். 2021இல் வெளிவந்த 2,022 துண்டுகள் கொண்ட தாஜ்மகால், 2022இன் கிசா பிரமிடு, 2023இன் ஹிமெஜி கோட்டை ஆகியவை என்னிடம் உள்ளன. ஒன்றைக் கட்டி முடித்தவுடன், அந்தக் கட்டடத்தில் எதை வடிவமைப்பாளர் விடாமல் பிடித்துக்கொண்டார், எதைத் துணிந்து கைவிட்டார் என்று விரிவாகக் குறிப்பெழுதி வைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்புகள் பெருகப் பெருக, அந்த வரிசையில் இடம்பெறாத நம் சோழர் விமானம் ஒன்றை நானே வடிவமைக்க வேண்டும் என்ற ஆசை வளர்ந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கோபுரங்களும் திருச்சுற்று மாளிகையும் இப்போது வேண்டாம். நந்தி மண்டபமும் நாயக்கர் காலத்தது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

லெகோ மாதிரிகளைத் திரையில் கட்டிப் பார்க்கும் பிரிக்லிங்க் ஸ்டுடியோ மென்பொருளை ஓரளவு பழகியிருக்கிறேன். ஆனால் முதல் தட்டை வைப்பதற்கு முன்பே அளவு என்னும் கேள்வி வழிமறிக்கிறது. விமானத்தின் உயரம் 60 மீட்டருக்கு மேல் என்றும், 66 மீட்டர் வரை என்றும் நூல்கள் சொல்கின்றன. அடித்தளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். மினிஃபிகர் என்னும் லெகோவின் குட்டி மனிதர்கள் நிற்கும் அளவில் கட்டினால் மாதிரி ஒன்றரை மீட்டரை எட்டும். அதற்கு என் வீட்டில் இடமும் இல்லை, துண்டுகள் வாங்க வசதியும் இல்லை. அலமாரியில் நிற்க வேண்டும். அதே சமயம் நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் இது கங்கைகொண்ட சோழபுரமோ தாராசுரமோ அல்ல, தஞ்சாவூர்தான் என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு எந்த அளவைத் தேர்வது? பதின்மூன்று நிலைகளும் சிறுத்துக்கொண்டே மேலேறும் அந்தச் சரிவை, 8 மில்லிமீட்டர் இடைவெளியில் குமிழ்கள் அமைந்த ஒரு பொம்மைக் கட்டையில் எப்படிக் கொண்டுவருவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெண்ணாறு, தஞ்சாவூர்

நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் ஐயா. நான் 1:200 அளவைப் பரிந்துரைப்பேன். அந்த அளவில் 30 மீட்டர் அடித்தளம் 15 சென்டிமீட்டர் ஆகிறது. அதாவது 19 ஸ்டட் (ஒரு குமிழுக்கான 8 மில்லிமீட்டர் இடமே ஒரு ஸ்டட்). உயரம் 30 முதல் 33 சென்டிமீட்டருக்குள் அடங்கும். சாதாரணப் புத்தக அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

இந்த அளவில் இன்னொரு பேறும் இருக்கிறது. செங்குத்தான இரண்டடுக்குச் சுவர் 19 ஸ்டட் அகலத்தில் நின்றால், அதன் மேல் பதின்மூன்று நிலைகளையும் 18, 17, 16 என்று ஒவ்வொன்றாகக் குறைத்து மிகச் சரியாக 6இல் முடிக்கலாம். ஒரு நிலைக்கு ஒரு ஸ்டட் குறைகிறது என்றால் பக்கத்துக்கு அரை ஸ்டட் உள்வாங்குகிறது என்று பொருள். சாதாரணத் தட்டுகளால் அரை ஸ்டட் நகர முடியாது. அதற்குத்தான் ஜம்பர் தட்டு இருக்கிறது. 2×2 ஜம்பரின் நடுவில் ஒரே ஒரு குமிழ் இருப்பதால், அதன் மேல் வரும் நிலை இரு திசைகளிலும் அரை ஸ்டட் நகர்ந்து அமரும். நிலைக்கு நான்கு ஜம்பர்களை மூலைகளை ஒட்டி வைத்தாலே உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

உயரத்தைத் தட்டுகளாக எண்ணிப் பழகுங்கள். ஒரு தட்டு 3.2 மில்லிமீட்டர், மூன்று தட்டுகள் சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரமான 9.6 மில்லிமீட்டர். கீழே உள்ள ஆறு நிலைகளுக்கு ஐந்து தட்டு வீதமும் மேலே உள்ள ஏழு நிலைகளுக்கு நான்கு தட்டு வீதமும் கொடுத்தால், உயரே போகப்போக நிலைகள் நெருங்குவது போன்ற தோற்றம் கிடைக்கும். கோயிலின் வெளிமுற்றத்தில் நின்று நேர்முகமாக எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு இந்த எண்ணிக்கையை நீங்களே சரிபார்த்து மாற்றிக்கொள்ளலாம். அண்ணாந்து எடுத்த படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் சரிவின் கோணம் பொய்யாகத் தெரியும்.

தஞ்சாவூர் என்று அடையாளம் காட்டுவது இந்தச் சரிவின் நேர்க்கோடுதான். அப்பன் இராசராசன் கட்டியதில் விளிம்பு வளையாமல் நேராக ஏறுகிறது. மகன் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டியதில் அது உள்ளே குழைந்து வளைகிறது. ஆகவே எல்லா நிலைகளிலும் ஒரே அளவாகக் குறைந்தால் தஞ்சை. கீழே வேகமாகக் குறைந்து மேலே மெதுவாகக் குறைந்தால் கங்கைகொண்ட சோழபுரம். சிற்ப வேலைப்பாடு ஒன்றுகூட இல்லாமல், இந்த ஒரு கணக்கைக் கொண்டே இரண்டையும் வேறுபடுத்திக் காட்டிவிடலாம் என்பது எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் மீது பெரும் மதிப்பை உண்டாக்கிய செய்தி.

குடமுருட்டி, பாபநாசம்

வெண்ணாறு அவர்களின் கணக்கு அழகானது. சரிவைப் பற்றி அவர் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் 1:200 என்னும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. மொத்த உயரத்தையும் அலமாரியையும் வைத்து அளவைத் தீர்மானிப்பதைவிட, எந்தச் சிறு உறுப்பை விட்டுக்கொடுக்கவே முடியாதோ அதை வைத்துத் தீர்மானிப்பதே சரியான முறை என்று கருதுகிறேன். பெரிய கோயிலில் அந்த உறுப்பு சிகரம்.

சிகரம் எண்கோணமானது. சதுரமாகவே ஏறிவந்த நிலைகள் உச்சியில் எண்கோணமாக மாறும் இடத்தில்தான் அந்த விமானத்தின் முழு அழகும் திரண்டு நிற்கிறது. 1:200 அளவில் சிகரத்துக்கு ஐந்து ஸ்டட் அளவே இடம் கிடைக்கும். அந்த அகலத்தில் எண்கோணம் வராது; வட்டத் தட்டும் கவிழ்த்த கிண்ணமும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் உருண்டையான தலை கொண்ட வேறொரு கோயில் ஆகிவிடும். மாறாக, ஏழு ஸ்டட் அகலம் கிடைத்தால், மூலை வெட்டிய 3×3 தட்டுகள் நான்கை எடுத்து, அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்டட் அகலத்தில் சிலுவை போல் இடைவெளி விட்டு நிரப்பினால் போதும். நேர்ப்பக்கம் மூன்று ஸ்டட், சாய்பக்கம் 2.83 ஸ்டட் என்று ஏறக்குறைய ஒழுங்கான எண்கோணம் அமைந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஏழு ஸ்டட் என்பது 56 மில்லிமீட்டர். அதைச் சிகரத்தின் அகலமாகக் கொண்டால் மொத்த அளவு 1:150 அருகே வந்து நிற்கிறது. அடித்தளம் 20 சென்டிமீட்டர், அதாவது 25 ஸ்டட்; உயரம் 40 முதல் 44 சென்டிமீட்டர். துண்டுகளின் எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். ஆனால் மாதிரியின் உள்ளே வெற்றிடமாக விட்டால் எண்ணிக்கை கன அளவைப் பின்பற்றாது, பரப்பளவைத்தான் பின்பற்றும். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கோடு நின்றுவிடும்.

இந்த அளவில் நிலைகள் 23இலிருந்து 7 வரை குறைய வேண்டும். பன்னிரண்டு படிகளில் பதினாறு ஸ்டட். எட்டுப் படிகளில் ஒவ்வொரு ஸ்டட்டும் நான்கு படிகளில் இரண்டிரண்டு ஸ்டட்டும் குறைத்தால் கணக்கு முடியும். அந்த நான்கு படிகளையும் ஓரிடத்தில் குவிக்காமல் மூன்றுக்கு ஒன்றாகப் பரப்பி வைப்பது முக்கியம். குவித்தால் நேர்க்கோடு வளைந்து, வெண்ணாறு அவர்கள் எச்சரித்தபடி, நீங்கள் அறியாமலேயே கங்கைகொண்ட சோழபுரத்தின் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

நிலைகளின் அலங்காரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூலைகளில் சதுரமான கர்ணகூடும் நடுவில் நீள்சதுரமான சாலையும் இடையில் பஞ்சரமும் எனச் சிறு கோயில் வடிவங்கள் வருவது விமானத்தின் இலக்கணம். ஒற்றைப்படை அகலமுள்ள நிலையின் நடுவில் ஒரு ஸ்டட் இருக்கும். இரட்டைப்படையில் நடுவில் கோடுதான் இருக்கும். அதனால் நடுச்சாலை ஒரு நிலையில் ஒல்லியாகவும் அடுத்த நிலையில் தடித்தும் மாறி மாறி வந்து கண்ணை உறுத்தும். இரட்டைப்படை நிலைகளில் 1×2 ஜம்பரை நடுவில் வைத்து, அதன் ஒற்றைக் குமிழின் மேல் சாலையைப் பொருத்தினால் இது தீரும். கூடு என்னும் வளைவு அலங்காரத்துக்கு 1×1 அரைவட்ட டைல் (குமிழில்லாத வழவழப்பான துண்டு) மிகப் பொருத்தமானது. பக்கவாட்டில் குமிழ் கொண்ட கட்டையில் அதை நிமிர்த்திப் பொருத்தினால், லாட வளைவாகவே தோன்றும். சுவரின் அரைத்தூண்களுக்கு வரிவரியாக இருக்கும் கிரில் கட்டைகள் போதும். அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். இந்த அளவில் துவாரபாலகரை வைக்க முயல்வது சுவரைக் கெடுப்பதில்தான் முடியும்.

சிகரம் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பது செவிவழிச் செய்தி. அது பல கற்களை இணைத்துக் கட்டப்பட்டது. ஆகவே அதைப் பல துண்டுகளால் அமைப்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

அரசலாறு, கும்பகோணம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்கோணம் பற்றிய விளக்கத்தைப் படித்தபின் ஸ்டுடியோவில் சிகரத்தை மட்டும் இரண்டு அளவுகளிலும் அமைத்துப் பார்த்தேன். 1:150 தான் என்று முடிவு செய்துவிட்டேன். வட்டத் தலையோடு நின்ற சிறிய வடிவத்தைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இப்போது வேறிரண்டு ஐயங்கள். கல்லின் நிறத்துக்கு எதைத் தேர்வது? சாம்பல் நிறத்தில் அமைத்தால் மழைநாளில் பார்ப்பது போல் இருக்கிறது. மாலை வெயிலில் தெரியும் அந்தப் பொன்னிறம் வரவில்லை. மேலும், இவ்வளவு துண்டுகளையும் எங்கிருந்து வாங்குவது? நம் பக்கத்துக் கடைகளில் முழுத் தொகுப்புகள் கிடைப்பதே அரிது. உதிரித் துண்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கொள்ளிடம், மயிலாடுதுறை

நிறத்தைப் பொறுத்தவரை டேன் என்னும் மணல் நிறத்தை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் அடியில் நிழல் விழும் ஒரு தட்டை மட்டும் டார்க் டேனில் வைத்துப் பாருங்கள். நிலைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மீடியம் நௌகட் என்னும் இளம்பழுப்பு நிறத்தைச் சிலர் விரும்புவார்கள். எனக்கு அது செங்கல் கோபுரத்தை நினைவூட்டுகிறது, கருங்கல்லை அல்ல. டேன் நிறத்துக்கு நடைமுறை நன்மை ஒன்றும் உண்டு. ஏறக்குறைய எல்லா அடிப்படைத் துண்டுகளும் அந்த நிறத்தில் வெளிவந்துள்ளன. அரிய நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், திரையில் கட்டிவிட்ட துண்டு உலகத்தில் இல்லை என்பது கடைசியில்தான் தெரியவரும். ஸ்டுடியோவில் ஒரு துண்டு குறிப்பிட்ட நிறத்தில் உண்மையில் வெளிவந்ததா என்று காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது பற்றி. பிரிக்லிங்க் தளம் 2000இல் தொடங்கப்பட்டு, 2019இல் லெகோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. உதிரித் துண்டுகளுக்கு இன்றும் அதுவே பெரிய சந்தை. ஸ்டுடியோவில் முடித்த வடிவத்தின் துண்டுப் பட்டியலை நேரடியாக அங்கே ஏற்றி, எந்த விற்பனையாளரிடம் எத்தனை கிடைக்கும் என்று பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். பொம்மைகளுக்கான வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. அஞ்சல் செலவும் சேர்ந்தால் துண்டின் விலையைவிடக் கூலி பெரிதாகிவிடும். எனவே பல விற்பனையாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்காமல், ஒரே இடத்தில் பெரும்பகுதியும் கிடைக்கும்படி வடிவத்தையே சற்று மாற்றிக்கொள்வது அறிவுடைமை. ஜம்பருக்கும் 3×3 மூலைவெட்டுத் தட்டுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சுவரில் 1×6 கிடைக்காத இடத்தில் 1×4உம் 1×2உம் வைப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

உட்புறத் தாங்கு அமைப்புக்கு மற்ற நிறுவனங்களின் கட்டைகளைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. 1958இல் பதிவான குமிழ்-குழாய் இணைப்பின் காப்புரிமை காலாவதியாகி நெடுங்காலம் ஆகிவிட்டதால், அதே 8 மில்லிமீட்டர் இடைவெளியில் பலரும் கட்டைகள் செய்கிறார்கள். பிடிப்பு ஒரே சீராக இருப்பதில்லை. நிறமும் தொகுதிக்குத் தொகுதி மாறும். வெளிச்சுவருக்கு அவை வேண்டாம். உள்ளே எந்த நிறமாக இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டி முடித்தபின் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். நம் பக்கத்து ஈரக்காற்று இந்தப் பிளாஸ்டிக்கை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, நேர்வெயில்தான் பழுப்பேற்றும். தூசி படிந்தால் மென்மையான தூரிகை போதும். கழுவுவதாக இருந்தால் 40 டிகிரிக்கு மேற்படாத நீரையே பயன்படுத்துங்கள்.

வெண்ணாறு, தஞ்சாவூர்

குடமுருட்டி அவர்களின் வாதம் என்னையும் 1:150க்கு இணங்கச் செய்துவிட்டது. அந்த அளவை ஏற்றுக்கொண்டபின் புதிதாக ஒரு வாய்ப்பு திறப்பதைச் சொல்ல வேண்டும். உங்களிடம் உள்ள கிசா பிரமிடு மாதிரியில் பாதியை மட்டும் கட்டி, உள்ளமைப்பையும் காட்டியிருப்பார்கள் அல்லவா? பெரிய கோயில் விமானமும் உள்ளே வெற்றிடமாக உயர்வதுதான். கருவறையைச் சுற்றி இரண்டு தளங்களில் உள்சுற்று இருக்கிறது. கீழ்த்தளச் சுவரில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள். மேல்தளத்தில் செதுக்கி முடிக்கப்பட்ட 81 கரணச் சிற்பங்கள், அதாவது நடன நிலைகள். 25 ஸ்டட் அகலம் இருந்தால் வெளிச்சுவர், சுற்றுப்பாதை, உட்சுவர், கருவறை ஆகிய நான்கையும் பிரித்துக் காட்ட இடமிருக்கிறது. 19 ஸ்டட்டில் அது இயலாது.

பின்பக்கச் சுவரை மட்டும் கழற்றி எடுக்கும்படி அமைத்தால், முன்பக்கத் தோற்றம் சிறிதும் கெடாது. கழற்றும் சுவர் டைல்களின் மேல் அமர்ந்து, இரண்டு மூன்று குமிழ்களில் மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். மேலுள்ள நிலைகளின் எடையை அந்தச் சுவர் தாங்கக் கூடாது. உட்சுவரின் நான்கு மூலைகளிலும் 2×2 கட்டைகளால் தூண் எழுப்பி, ஆறாவது நிலை வரை கொண்டுசென்று, ஒவ்வொரு நிலையிலும் பெரிய தட்டு ஒன்றால் குறுக்கே கட்டிவிடுங்கள். அதற்கு மேல் நிலைகள் குறுகி இலேசாகிவிடுவதால் தூண் தேவைப்படாது. ஸ்டுடியோவின் உறுதிச் சோதனையைத் தூண்கள் முடிந்தவுடன் ஒருமுறையும், சிகரம் வைத்தபின் ஒருமுறையும் இயக்கிப் பாருங்கள். கோப்பை இங்கே பகிர்ந்தால் நிலைகளின் படிக்கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன்.