புதுப்பிப்பு: 'மையர்' குடும்பப் பெயர், விடை கிடைத்தது

என் கணவரின் பாட்டி தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் 'மையர்'. பழைய தாள்களில் அது இரண்டு விதமாக எழுதியிருக்கிறதே, ஒரே குடும்பம்தானா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பவேரியாவின் பாஸாவ் மறைமாவட்டப் பதிவேடுகளை மாட்ரிகுலா (பழைய தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் உள்ள இணையதளம்) தளத்தில் பாருங்கள் என்ற யோசனைதான் பலித்தது. ஒரே ஆளின் கல்யாணப் பதிவில் எம்-ஏ-ஒய்-ஆர், அவர் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் ஒய் போய் ஐ, கூடவே ஓர் ஈ. எழுதிய பாதிரியார் மாறியிருக்கிறார், கையெழுத்தே வேறு, அவ்வளவுதான். 1876இல் ஜெர்மனி முழுக்க பிறப்பு, கல்யாணம், இறப்புக்கு அரசுப் பதிவு வந்த பிறகுதான் எழுத்துக்கூட்டல் ஓரளவு நிலைத்தது.

பெயரின் மூலம் லத்தீன் 'மாயோர்'. நிலப்பிரபுவின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரை அப்படிச் சொன்னார்கள், அப்புறம் பெரிய குத்தகை விவசாயிக்கும் அதுவே பெயரானது. ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் இருந்ததால்தான் இன்று இத்தனை மையர்கள், எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. வடக்கே ஈ-ஒய் போட்டு எழுதுவது அதிகம், தெற்கே ஏ போட்டு.

எதிர்பார்க்காதது ஒன்று: யூதக் குடும்பங்களில் இதே பெயர் எபிரேய 'மேயிர்' என்பதிலிருந்தும் வந்திருக்கிறது, ஒளி தருபவர் என்று பொருள். ஆகவே தேடுகிறவர்கள் எழுத்துக்கூட்டலை நம்பாமல் ஊர்ப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.